ஸ்கேன் சந்தேகப்படும், திசு சொல்லிடும்!

சீர்காழிக்காரங்க காலரைத் தூக்கி விட்டுக்கலாம். 1950-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் மூளை அறுவைச் சிகிச்சையைத் தொடங்கிவெச்ச டாக்டர் பி.ராமமூர்த்தி பிறந்தது அங்கேதான்!

அப்போ சி.டி. ஸ்கேன் கிடையாது, அது வந்தது 1971-ல். மூளை அறைகளுக்குள்ள காத்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்துத்தான் கட்டி இருக்கிற இடத்தைக் கணிச்சாங்க. இப்போ எம்.ஆர்.ஐ. இருக்கு. ஆனா, ஆரம்பத்துல கொடிய கட்டிகூட அதுல சாது மாதிரி தெரியலாம். துளி திசு எடுத்து மைக்ரோஸ்கோப்புல பார்க்கணும். அதுலயும் ஏமாத்துற கட்டிகள் உண்டு. பெரியவங்களுக்கு வர்ற சில கட்டிகள்ல குறிப்பிட்ட மரபணு மாற்றம் இருந்தாலே அது கிளையோபிளாஸ்டோமாதான்னு 2021-ல் உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்திடுச்சு.

ஹாஸ்டல்ல யாருக்காவது புதுசா வலிப்பு வந்தா, கையில சாவியைத் திணிச்சுட்டு மறந்துடாதீங்க பாஸ். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க!