விற்பனை முடிந்த பிறகு விளையாட்டு யாருக்குச் சொந்தம்?

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 2023 மார்ச் 27 அன்று, '3டிஎஸ்', 'வீ யு' ஆகிய தனது இரு விளையாட்டுக் கருவிகளுக்கான இணைய அங்காடியில் விற்பனையை நிறுத்தியது. முன்பே பணம் செலுத்தியவர்கள் தாங்கள் வாங்கியவற்றை மீண்டும் பதிவிறக்கிக்கொள்ளலாம். புதிதாக எதையும் வாங்க இயலாது. அந்த அங்காடியில் மட்டுமே விற்கப்பட்டு, பிற கருவிகளுக்கு மாற்றப்படாத விளையாட்டுகளை இனிப் புதிதாக வாங்க வழியில்லை.

இது ஒரு நிறுவனத்தோடு முடிந்துவிடும் செய்தியன்று. அமெரிக்காவின் 'விடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன்' 2023 ஜூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன்பு அந்நாட்டில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இப்போது விற்பனையில் இல்லை. அமெரிக்க மௌனப் படங்களில் மூல வடிவில் முழுமையாக எஞ்சியிருப்பவை 14 சதவீதம் என்பதோடு இந்நிலையை அந்த ஆய்வு ஒப்பிடுகிறது. ஆனால், ஒரு வேறுபாடு உண்டு. அந்தப் படங்கள் அழிந்துவிட்டன. இந்த விளையாட்டுகளில் பெரும்பாலானவை அழியவில்லை, பூட்டப்பட்டிருக்கின்றன.

அந்தப் பூட்டைத் திறக்கும் சாவியாகப் பயன்படுவதே 'எமுலேட்டர்' எனும் மென்பொருள். பழைய விளையாட்டுக் கருவியின் செயலி, நினைவகம், ஒலி, ஒளி அமைப்புகள் எவ்வாறு இயங்கினவோ, அவ்வாறே ஒரு கணினியையோ கைப்பேசியையோ இயங்கச் செய்வது அதன் பணி. கருவிகள் பழுதாகும், உதிரிபாகங்கள் கிடைக்காமல் போகும், நிறுவனங்களே மறைந்துபோகும். அப்போதும் விளையாட்டு உயிரோடு இருக்க உதவும் தொழில்நுட்பம் இது. 1997-இல் தொடங்கப்பட்ட 'மேம்' திட்டத்தில், பழைய ஆர்கேட் இயந்திரங்களின் இயக்கத்தைத் தன்னார்வலர்கள் இன்றளவும் ஆவணப்படுத்தி வருகின்றனர்.

எமுலேட்டர் என்றாலே திருட்டு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சோனி நிறுவனத்துக்கும் கனெக்டிக்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், எமுலேட்டரை உருவாக்குவதற்காக மூல மென்பொருளை ஆராய்ந்தது நியாயமான பயன்பாடே என அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. அதே சோனி, 2018-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'பிளேஸ்டேஷன் கிளாசிக்' கருவியில் பயன்படுத்தியது, தன்னார்வலர்கள் உருவாக்கிய ஒரு திறமூல எமுலேட்டரைத்தான்! ஆப்பிள் நிறுவனமும் 2024 ஏப்ரலில் பழைய விளையாட்டுகளுக்கான எமுலேட்டர்களைத் தனது செயலி அங்காடியில் அனுமதித்தது.

நிறுவனங்களின் அச்சத்தில் நியாயமே இல்லை என்றும் கூறிவிட முடியாது. 'ஸ்விட்ச்' கருவிக்கான 'யூசு' எமுலேட்டருக்கு எதிராக 2024-இல் நின்டெண்டோ வழக்குத் தொடுத்தது. ஜெல்டா வரிசையின் புதிய விளையாட்டொன்று, வெளியாவதற்கு முன்பே 10 லட்சம் முறைக்கு மேல் சட்டவிரோதமாகப் பதிவிறக்கப்பட்டதாக அது குற்றம்சாட்டியது. 24 லட்சம் டாலர் செலுத்தவும் எமுலேட்டரைக் கைவிடவும் ஒப்புக்கொண்டு யூசு தரப்பு சமரசம் செய்துகொண்டது. கடையில் விற்கப்படும் படைப்பை விலை கொடுக்காமல் எடுத்துக்கொள்வதற்குப் 'பாதுகாப்பு' என்று பெயர் சூட்டுவது நேர்மையாகாது.

ஆனால், விற்பவரே விற்பனையை நிறுத்திவிட்ட படைப்புக்கும் அதே அளவுகோல் பொருந்துமா? அமெரிக்க நூலகங்கள் தம்மிடம் உள்ள பழைய மென்பொருள்களை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்தே பயன்படுத்த அனுமதிக்கலாம் என்ற விலக்கு 2021-இல் கிடைத்தது. விளையாட்டுகளுக்கு மட்டும் அது மறுக்கப்பட்டது. 2024 அக்டோபரில் அக்கோரிக்கை மீண்டும் நிராகரிக்கப்பட்டது. ஆய்வின் பெயரால் பொழுதுபோக்குக்காக விளையாடிவிடுவார்கள், பழைய விளையாட்டுகளுக்கான சந்தை பாதிக்கப்படும் என்பதே எதிர்ப்பாளர்களின் வாதம். விற்பனையிலேயே இல்லாத பொருளுக்குச் சந்தை இழப்பு எங்கிருந்து வரும்? நூலகங்களின் வாசல் மூடப்பட்டால், மக்கள் செல்லும் வழி திருட்டுத் தளங்களாகத்தான் இருக்கும்.

இந்தச் சிக்கலுக்கு நமது எண்மப் பழக்கமும் ஒரு காரணம். வட்டையும் புத்தகத்தையும் அலமாரியில் அடுக்கிய காலம் போய், அனைத்தையும் ஒரு கணக்கின் கடவுச்சொல்லுக்குள் வைக்கப் பழகிவிட்டோம். 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்தும்போது கிடைப்பது உடைமையன்று, திரும்பப் பெறத்தக்க உரிமம் மட்டுமே. 2014-இல் வெளியான 'தி க்ரூ' விளையாட்டின் சேவையகங்களை யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31-இல் நிறுத்தியபோது, விலை கொடுத்து வாங்கியவர்களாலும் அதை விளையாட முடியாமல் போனது. இதையடுத்து எழுந்த இயக்கத்தின் மனுவில் ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டனர். விற்கப்படுவது உரிமம் மட்டுமே என்பதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் எனக் கலிஃபோர்னியா மாகாணம் 2024-இல் சட்டம் இயற்றியது. மின்னூல், இசை, திரைப்படம் என இணையத்தில் நாம் வாங்கும் பலவற்றுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

படைப்பு விற்பனையில் உள்ளவரை அதன் உரிமையாளருக்கு முழுப் பாதுகாப்பு வேண்டும்; அதில் மாற்றுக்கருத்து இல்லை. சந்தையிலிருந்து அவரே அதை விலக்கிக்கொண்டு, குறிப்பிட்ட காலம் கடந்த பின், நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் எமுலேட்டர் வழியே அதை வழங்கச் சட்டம் இடமளிக்க வேண்டும். சேவையகத்தை நிறுத்தும் நிறுவனம், விளையாட்டு தனித்து இயங்க வழிசெய்துவிட்டே விலக வேண்டும். லாபம் இல்லை என்று ஒரு படைப்பை விற்காமல் இருப்பது நிறுவனத்தின் உரிமை. அதை எவருமே பார்க்கக் கூடாது எனத் தடுப்பதும் அந்த உரிமைக்குள் அடங்குமா என்பதைச் சட்டமியற்றுவோர் முடிவு செய்தாக வேண்டும்.