தங்க பாக்கெட் வாட்ச்: மதிப்பு கூட்டிலா, உள்ளேயா?

தங்கம் விலை ஏறினாலே அமெரிக்காவில் பழைய பாக்கெட் வாட்ச்கள் உருக்கப் போய்விடுகின்றன. 14 காரட் கூட்டை எடுத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் இயந்திரத்தை மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், மாம்பழத் தோலை வச்சுக்கிட்டுப் பழத்தைத் தூக்கிப்போடுற கதைதான் இது.

நல்ல வால்தம் வாட்ச் ஒன்றின் பின்மூடியைத் திறந்து பாருங்க. தகடுகளில் அலை அலையாக நுண்ணிய கோடுகள், தேய்மானத்தைக் குறைக்கப் பதித்த சிவப்புக் கற்கள், நீலம் வரும்வரை சூடாக்கிய எஃகுத் திருகுகள். இயந்திரத்தில் இருக்கும் வரிசை எண்ணை வைத்தே அது எந்த ஆண்டுத் தயாரிப்புன்னு சொல்லிடலாம்.

வாங்குறவங்க கவனிக்க: கூட்டில் ‘20 ஆண்டு உத்தரவாதம்’ என்று பொறித்திருந்தால் அது முழுத் தங்கம் இல்லை, மட்ட உலோகத்தின் மேல் தங்கத் தகடு. உத்தரவாதமும் அந்தத் தகடு தேயாது என்பதற்குத்தான். உருக்கினால் பெரிதாக எதுவும் தேறாது என்பதாலேயே அவற்றில் பல, கூடும் இயந்திரமும் பிரியாமல் தப்பியிருக்கின்றன.