எட்டுக் கலவை, ஒரு டிக்

கீழப்பழுவூர் என்றால் உங்களுக்குப் பழுவேட்டரையர் ஞாபகம் வரலாம். எனக்கு சிமென்ட் லாரிதான். என் மச்சினர் வீடு அங்கேதான். வாசலில் பத்து நிமிஷம் நின்றால் போதும், கறுப்பு பேன்ட் சாம்பல் கலர் ஆகிவிடும்.

மச்சினர் பையன் சிவில் கடைசி வருஷம். கான்கிரீட்தான் ப்ராஜெக்ட். ஃப்ளை ஆஷ் 10 சதவீதமா, 30ஆ? தண்ணீர் விகிதம் 0.45ஆ, 0.55ஆ? ஆற்று மணலா, எம்-சாண்டா? மூன்று சமாசாரம், இரண்டிரண்டு அளவு. ஆக எட்டுக் கலவை.

"ஏண்டா, ஒவ்வொண்ணா மாத்திப் பார்த்தா நாலு கலவையோட முடிஞ்சுதே?" என்றேன். பி.காம். புத்தி, செலவைக் குறைக்கத்தான் பார்க்கும்.

"இல்ல மாமா. ஃப்ளை ஆஷ் என்ன பண்ணும்கிறது தண்ணி அளவைப் பொறுத்து மாறலாம். ஒவ்வொண்ணா மாத்தினா அந்தக் கூட்டணி தெரியவே தெரியாது."

கூட்டணி என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது.

லேப்டாப்பில் மினிடாப் வைத்திருந்தான். 1972-ல் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பிறந்த மென்பொருள். மூன்று ஃபேக்டர், அதன் பெயர், அளவு என்று தட்டினால் எட்டு வரி அட்டவணை வந்து விழுகிறது. பெரிய அளவுக்கு ப்ளஸ் 1, சின்ன அளவுக்கு மைனஸ் 1 போட்டு எந்தப் பத்தியைக் கூட்டினாலும் பூஜ்யம். ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆன சந்தோஷம் எனக்கு!

ஆனால் வரிசையைக் கன்னாபின்னாவென்று கலைத்துப் போட்டிருந்தது. பையனுக்கு எரிச்சல். 'ரேண்டமைஸ் ரன்ஸ்' என்று ஒரு கட்டம். அதிலிருந்த டிக்கை எடுத்துவிட்டான். முதல் நாள் ஆற்று மணலில் நாலு, மறுநாள் எம்-சாண்டில் நாலு. மணலை மாற்றி மாற்றி அள்ள வேண்டாம், பாருங்கள்.

நடுராத்திரி மழை பெய்தது. மணல் நனைந்தது. அந்த ஈரத்தைத் தண்ணீர்க் கணக்கில் கழிக்க மறந்துபோனான். 28 நாள் கழித்து க்யூப்களை மெஷினில் வைத்து நசுக்கினால், எம்-சாண்ட் நாலும் மட்டம். குற்றம் எம்-சாண்ட் மேல்தான் என்று மினிடாப் கிராஃப் போட்டுக் காட்டியது. பாவம், அதற்குத் தெரிந்தது மூன்று பத்தி. மழைக்கு அதில் பத்தி ஏது?

"மணல் மட்டமா, மழையாப்பா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாராம் கைடு. பதில் இல்லை. கலைத்துப் போட்டிருந்தால் இரண்டு மணல் மேலும் மழை பெய்திருக்கும்.

இந்தக் கலைக்கிற யோசனை ரொனால்ட் ஃபிஷருடையது. 1919-ல் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தவர். ஒரே வயலில் ஒரு மூலை வளம், ஒரு மூலை சோடை. எந்த உரத்துக்கு எந்த மூலை என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கட்டும் என்றார். 1935-ல் இதற்கென்றே புத்தகம் போட்டார். ஃபேக்டர் எக்கச்சக்கமாகப் போனால் கலவைகளைக் குறைத்துக்கொள்ள நம் சி.ஆர். ராவ் 1947-லேயே கணக்குப் போட்டுக் கொடுத்தார். அவர் 2023-ல் காலமானபோது வயது 102.

போன ஞாயிறு மறுபடி எட்டுக் கலவை. டிக் இருந்தது. மணல் ஈரத்தையும் அளந்துகொண்டான். ஆற்று மணல், எம்-சாண்ட் என்று சட்டியை மாற்றி மாற்றித் தூக்கியது அடியேன். இடுப்பு இன்னும் வலிக்கிறது. அன்றிலிருந்து வைவாவுக்கு 33 நாள். கான்கிரீட்டுக்கு 28 போனால் ரிப்போர்ட்டுக்கு மிச்சம் ஐந்து.

ஐந்தாவது கலவையில் தூறல் ஆரம்பித்தது. நான் பதறிப்போய் தார்ப்பாயைத் தேடினேன்.

"வரட்டும் மாமா, டிக் போட்டிருக்கு" என்றான்.