கேளாத குரல்கள்



பனி மூடிய கடல் சத்தமற்றது என்றே நான் எண்ணியிருந்தேன். அது தவறு. அந்தாட்டிக்காவின் எக்ஸ்ட்ரோம் பனித்தட்டில், ஏறத்தாழ 100 மீற்றர் தடிப்பான பனியைத் துளைத்து, 2005இல் ஜேர்மனிய ஆய்வாளர்கள் கடலினுள் ஒலிவாங்கிகளை இறக்கினார்கள். சீல்களும் திமிங்கிலங்களும் எழுப்பும் ஒலி, பனி உடையும் ஓசை எல்லாம் பதிவாகின.

அங்குள்ள வெடல் சீல் நீருக்குள் மூச்சுவிட முடியாத பிராணி. பனியிலுள்ள துவாரம் உறைந்து மூடிவிடாதபடி தன் பல்லினாலேயே சுரண்டிக்கொண்டிருக்கும். பற்கள் தேய்ந்துபோனால் உயிர் பிழைப்பதே கடினம். தாயும் குட்டியும் ஒன்றுக்கொன்று குரல் கொடுத்துக்கொள்ளும்.

மனிதக் காது 20 கிலோஹேட்ஸ் வரையே கேட்கும். இந்தச் சீல்களோ 50 கிலோஹேட்ஸ் அளவிலும் ஒலி எழுப்புகின்றன என்பதை 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அவை புதிதாகக் குரலெழுப்பத் தொடங்கவில்லை. முன்னைய கருவிகளுக்கு அது எட்டவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் கூட்டங்களில் பேசாதிருக்கும் சகோதரியைப் பற்றி, “இவவுக்குச் சொல்ல ஒன்றுமில்லை” என்று நானும் குறிப்பேட்டில் எழுதியதுண்டு. இப்போது அப்படி எழுதுவதில்லை. கூட்டம் முடிந்தபின் அவர் பக்கத்தில் சற்று நேரம் இருந்துவிட்டு வருகிறேன். நீங்களும் அயலில் ஒருவருடன் அப்படி இருந்து பாருங்கள்.