நானோ சிகிச்சை வாய்ப் புற்றுநோயிலிருந்து தொடங்கட்டும்

ஹைதராபாத் தார்நாகாவில் உள்ள இந்திய வேதியியல் தொழில்நுட்பக் கழக விஞ்ஞானிகள், இலைச்சாற்றைக் கொண்டு உருவாக்கிய வெள்ளி நானோ துகள்களைப் பற்றி 2014-ல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். அந்தத் துகள்கள் புற்றுநோய்ச் செல்களைக் கொன்றதோடு, சிவப்பாக ஒளிர்ந்து செல்லுக்குள் தாம் இருக்கும் இடத்தையும் காட்டின. அடுத்த ஆண்டு மும்பை ஐஐடி ஆய்வொன்றில், தங்கம் பூசிய கொழுப்புக் குமிழிகள் அகச்சிவப்பு ஒளி பட்டுச் சூடாகி எலிகளின் கட்டியைப் பொசுக்கின. பிறகு சிதைந்து உடலைவிட்டு வெளியேறின. அந்த ஆய்வில் முக்கியப் பங்காற்றிய அரவிந்த் குமார் ரெங்கன், பின்னர் ஹைதராபாத் ஐஐடிக்கு வந்து இதே துறையில் ஆய்வைத் தொடர்ந்தார்.

பத்தாண்டு கடந்தும், ஹைதராபாத் ரெட் ஹில்ஸ் எம்.என்.ஜே. அரசு புற்றுநோய் மருத்துவமனையில் வரிசையில் நிற்கும் நோயாளிக்கு இவை சிகிச்சையாக வந்து சேரவில்லை. எலியோடு நின்றுபோகும் இந்த ஆராய்ச்சியை மனிதரிடம் கொண்டுவர மத்திய, தெலங்கானா அரசுகள் உடனே முன்வர வேண்டும்.

தடைகள் மெய்யானவை. ஊசி வழியே செலுத்தும் நானோ துகள்களில் கட்டியைச் சென்றடைவது சுமார் 0.7 சதவீதம்தான் என்று பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்த டொரன்டோ விஞ்ஞானிகள் 2016-ல் கணக்கிட்டார்கள். அகச்சிவப்பு ஒளியும் உடலுக்குள் ஆழமாகப் போகாது. ஆகவே எந்தப் புற்றுநோயில் தொடங்குவது என்பதே முதல் கேள்வி. அமெரிக்க மருத்துவர்கள் தங்கள் நாட்டு ஆண்களை அதிகம் தாக்கும் புராஸ்டேட் புற்றுநோயைத் தேர்ந்தெடுத்தார்கள். ஸ்கேன் படத்தின் வழிகாட்டுதலில், தங்க நானோ துகள்களைக் கொண்டு 16 பேரிடம் செய்த முதற்கட்டச் சோதனையின் முடிவுகள் 2019-ல் வெளியாயின.

நாம் தேர்ந்தெடுக்க வேண்டியது வாய்ப் புற்றுநோயை. இந்திய ஆண்களிடம் முதலிடத்தில் இருப்பது அதுதான். பான்பராக்கும் குட்காவும் புகையிலையும் தின்ற ஏழைகளின் நோய் என்பதாலேயே, பெரிய பன்னாட்டு நிறுவனங்கள் இதற்காக அவசரப்படப் போவதில்லை. வாயைத் திறந்தால் கட்டி கண்ணுக்குத் தெரியும். ஒளியை நேரே அதன்மீது பாய்ச்சலாம். துகள்கள் போதிய அளவு சேர்ந்துவிட்டனவா என்று படத்தில் பார்த்து, அதற்குப் பிறகே சூடேற்றலாம். அதே துகளில் மருந்தையும் ஏற்றி அனுப்பினால், சூட்டுக்குத் தப்பிய செல்களை அது அழிக்கக்கூடும். கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிய நோய்க்கு இது மட்டும் போதாது; அறுவையும் கதிர்வீச்சும் வேண்டியிருக்கும். ஆனால் தொடக்க நிலையில் ஒருவரது தாடையையோ நாக்கையோ காப்பாற்ற முடிந்தால், அவரால் சோறு மென்று தின்ன முடியும், பிள்ளைகளோடு பேச முடியும். இதைவிடப் பெரிய பயனை எந்த ஆய்வுக்கட்டுரை தந்துவிடும்?

ஆய்வகத்தில் மில்லிகிராம் கணக்கில் செய்த துகளை, அளவு மாறாமல், கிருமியின்றி, தொகுதி தொகுதியாகத் தயாரிக்க மருந்து ஆலை வேண்டும். அத்தகைய ஆலைகள் ஹைதராபாத்தைச் சுற்றியே உள்ளன. நச்சுத்தன்மைச் சோதனைக்கு ஜீனோம் பள்ளத்தாக்கில் மத்திய அரசின் விலங்கு ஆய்வு மையம் இருக்கிறது. நானோ மருந்துகளை மதிப்பிடும் வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2019-லேயே வெளியிட்டுவிட்டது. இவற்றையெல்லாம் எம்.என்.ஜே. மருத்துவமனையோடு இணைக்கும் பொறுப்பும் பணமும் கொண்ட ஒரே அமைப்புதான் தேவை.

மனிதச் சோதனை என்றதும் தெலங்கானாவின் கம்மம் மாவட்டம் நினைவுக்கு வர வேண்டும். அங்கே 2009-ல் ஆய்வுத் திட்டமொன்றில் பழங்குடிச் சிறுமிகளுக்கு எச்பிவி தடுப்பூசி போட்டபோது, பல படிவங்களில் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். நோயாளிக்குத் தெலுங்கிலும் உருதுவிலும் எல்லாவற்றையும் சொல்லி, அவரே சம்மதித்த பிறகுதான் ஊசி போடப்பட வேண்டும்.

விலையையும் இப்போதே பேசியாக வேண்டும். மாதம் 2,80,000 ரூபாய் விலையிருந்த புற்றுநோய் மருந்தை 8,880 ரூபாய்க்குத் தர, காப்புரிமையாளரின் சம்மதமின்றியே அரசு தரும் கட்டாய உரிமத்தை 2012-ல் ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனம் பெற்றது. மக்கள் வரிப்பணத்தில் பிறக்கும் துகளுக்கு இன்னொரு காப்புரிமைப் போர் தேவைப்படக் கூடாது. உரிமத்தை எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தாலும், அரசு மருத்துவமனைக்கான விலையை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.