தாயின் மனத்தையும் பரிசோதிக்க வேண்டும்

தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் இன்று மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்கு 99.6 சதவீதம். 2018-20 காலகட்டத்தில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு இங்கே 54 தாய்மார்கள் இறந்தார்கள். நாட்டின் சராசரி 97. கிராம சுகாதாரச் செவிலியர்கள் வீடு வீடாக அலைந்து ஈட்டித் தந்த பலன் இது. பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணிக்கு எடை பார்க்கிறார்கள், ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், ஹீமோகுளோபினும் சர்க்கரையும் சோதிக்கிறார்கள். அந்த வரிசையில் மனநலமும் சேர வேண்டும். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய ஓராண்டிலும், ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும், எல்லாத் தாய்மார்களிடமும் தவறாமல் கேட்டறியும் கட்டாய நடைமுறையாக அரசு இதை ஆக்க வேண்டும்.

தாயின் நலன் ஒன்றே இதற்குப் போதுமான காரணம். குழந்தையையும் சேர்த்துப் பார்த்தால் அவசரம் இன்னும் கூடுகிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரத்தில் 1990களின் தொடக்கத்தில் சுமார் 14,000 கர்ப்பிணிகளைச் சேர்த்துத் தொடங்கிய ஆய்வு, அவர்களின் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கடும் பதற்றத்தில் இருந்தவர்களின் பிள்ளைகளிடம் நான்கு வயதில் நடத்தைச் சிக்கல்களும் உணர்ச்சிச் சிக்கல்களும் சுமார் இரு மடங்காகத் தென்பட்டன. குடும்பச் சூழலையும் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வையும் கணக்கில் எடுத்த பின்னரும் இந்தத் தொடர்பு மறையவில்லை. பிறந்த பிறகும் தாயின் மனநிலை குழந்தையைத் தொடுகிறது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970களில் செய்த சோதனையில், கொஞ்சிக்கொண்டிருந்த தாய் திடீரென்று முகத்தைச் சலனமின்றி வைத்துக்கொள்கிறார். கைக்குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, கத்துகிறது. ஒன்றும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இரண்டொரு நிமிடத்தில் குழந்தை இப்படித் தவித்துப்போகிறது என்றால், மாதக்கணக்கில் நீளும் மனச்சோர்வை அலட்சியப்படுத்த முடியாது.

வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போகிறாள், பத்தியச் சாப்பாடும் உறவுகளின் துணையும் கிடைக்கின்றன, இது நமக்கு வரும் நோயே இல்லை என்று சிலர் சொல்லக்கூடும். வேலூர் மாவட்டத்துக் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் நடந்து 2002இல் வெளியான ஆய்வு இந்த நம்பிக்கைக்கு இடம் தரவில்லை. பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் அங்கே 11 சதவீதம். காரணிகளாக அந்த ஆய்வு கண்டவை குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவுச் சிக்கல், கைவேலைக்குத் துணையின்மை. எந்தக் குடும்பம் அரணாக இருக்கும் என்று எண்ணுகிறோமோ, அங்கிருந்தே சில பெண்களுக்கு நோவு வருகிறது. ஆகவே கணவரையும் மாமியாரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, தனியாக வைத்துத்தான் இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும்.

பிள்ளையின் முரண்டுக்கும் அடத்துக்கும் தாயைக் குற்றவாளியாக்கும் வழி இது என்ற அச்சமும் உண்டு. நியாயமான அச்சம்தான். எது நடந்தாலும் பெற்றவளைப் பழிக்கும் வழக்கம் நம்மிடம் பழையது. ஆனால் ஆய்வுகள் பேசுவது கூடுதல் வாய்ப்பைப் பற்றி. மனம் சோர்ந்த தாய்மார்களின் பிள்ளைகளிலும் பெரும்பாலோர் நன்றாகவே வளர்கிறார்கள். மரபுக்கும் வறுமைக்கும் இதில் பங்கு உண்டு. மேலும், கணியம்பாடி காட்டிய காரணிகளில் எதுவும் தாயின் குற்றமாகாது. கேட்காமல் விட்டால் பழி நீங்கிவிடாது. உதவி மட்டுமே தள்ளிப்போகும்.

மனநல மருத்துவர்களுக்கு எங்கே போவது என்பது அடுத்த தடை. கண்டறிய நிபுணர் தேவையில்லை. 1987இல் உருவான எடின்பரோ அளவுகோலில் பத்தே கேள்விகள்: சிரிக்க முடிகிறதா, காரணமின்றிப் பயம் வருகிறதா, தன்னைத் தானே நொந்துகொள்வது உண்டா என்பன போன்றவை. சிகிச்சைக்கும் வழி இருக்கிறது. பாகிஸ்தானில் ராவல்பிண்டி வட்டாரக் கிராமங்களில், மனச்சோர்வுற்ற 903 தாய்மார்களிடையே நடந்த ஆய்வு 2008இல் வெளியானது. பயிற்சி பெற்ற உள்ளூர் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே போய் ஆலோசனை சொன்னார்கள். குழந்தைக்கு ஆறு மாதமானபோது அந்தத் தாய்மார்களில் 23 சதவீதம் பேருக்கே மனச்சோர்வு நீடித்தது. ஆலோசனை பெறாதவர்களில் அது 53 சதவீதம். அதே பிள்ளைகளை ஏழு வயதில் பார்த்தபோது, வளர்ச்சியில் இரு தரப்புக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஓராண்டுக்குள் முடிந்துவிடும் உதவியால் பிள்ளையின் எதிர்காலமே மாறிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தாய்க்குக் கிடைத்த நிவாரணம் உறுதியானது. பிள்ளைக்கும் பயன் நிலைக்க வேண்டுமானால் அங்கன்வாடிப் பருவம் வரை கவனிப்பு தொடர வேண்டும்.

ஏற்கெனவே பதிவேடுகளில் மூழ்கியிருக்கும் செவிலியர் தலையில் இன்னொரு படிவத்தைக் கட்டினால், அது எல்லாம் சரி என்று குறித்துவிட்டுப் போகும் சடங்காகிவிடும். எனவே காலிப் பணியிடங்களை நிரப்புவதும், வட்டாரத்துக்கு ஓர் ஆலோசகரையேனும் நியமிப்பதும், அவரிடமிருந்து மாவட்ட மனநலத் திட்டத்துக்குப் பரிந்துரைப் பாதை அமைப்பதும் முன்நிபந்தனைகள். தாய்மார்களைத் தொடர்ந்து அழைத்துவரும் கட்டமைப்பு முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் மூலம் கைவசம் இருக்கிறது. அந்தப் பணத்தின் தவணையை மட்டும் மனநலக் கேள்விகளோடு முடிச்சுப் போடக் கூடாது. பணம் நின்றுவிடுமோ என்ற பயம் இருந்தால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். பிரசவ மரணத்தைத் தடுக்க முடியும் என்று நம்பிப் பணத்தையும் ஆட்களையும் இறக்கிய மாநிலம் இது. அதே உறுதியோடு, இதற்கான அரசாணையையும் நிதி ஒதுக்கீட்டையும் சுகாதாரத் துறை ஒருசேர வெளியிட வேண்டும்.