ஆடலுக்கும் வயதுண்டோ?

"வயதான காலத்தில் ஓரிடத்தில் உட்காருங்கள் பாட்டி!" என்று நம்மில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்! நானும் சொன்னவள்தான். சென்ற ஆண்டு என் பாட்டி முற்றத்தில் வழுக்கி விழுந்தார்கள். எலும்பு முறியவில்லை; துணிவுதான் முறிந்தது. அன்று முதல் நாற்காலியே அவர்களது உலகம். அதுவே பாதுகாப்பு என்று நாங்களும் எண்ணினோம். அவ்வெண்ணம் தவறு என்பதே என் கருத்து.

தோழியரே, ஆய்வாளர்கள் கூறுவதைக் கேளுங்கள். அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 75 வயதைக் கடந்த 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து, 2003-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். நூல் வாசிப்போர், இசைக்கருவி வாசிப்போர் ஆகியோரிடம் மறதி நோய் குறைவாகக் காணப்பட்டது. உடலை அசைக்கும் பொழுதுபோக்குகளுள் நடனம் ஒன்றுக்கே அப்பெருமை கிட்டியது.

"நல்ல உடல்நலம் உள்ளவர்கள்தாமே ஆடியிருப்பார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே! ஆனால் ஜெர்மனியின் மாக்டபர்க் நகர ஆய்வைப் பாருங்கள். முதியோருள் ஒரு பிரிவினர் புதுப்புது நடன அடிகளைக் கற்றனர். மற்றொரு பிரிவினர் வழக்கமான உடற்பயிற்சி செய்தனர். 18 மாதங்களுக்குப் பின், நினைவாற்றலுக்குத் துணைபுரியும் மூளைப் பகுதி இரு பிரிவினருக்கும் வளர்ந்திருந்தது. ஆயினும் தடுமாறாமல் நிற்கும் ஆற்றல் நடனமாடியவர்களுக்கே கூடியிருந்தது. இம்முடிவு 2017-இல் வெளியாயிற்று. சிலரை மட்டுமே கொண்ட சிறிய ஆய்வுதான்; ஆயினும் சிந்திக்கத் தக்கது.

இதில் வியப்பென்ன? ஆடும்போது காது தாளத்தைக் கேட்கிறது; மனம் அடுத்த அடியை நினைக்கிறது; கால் அதற்குப் பணிகிறது. அருகில் ஆடுபவரின் முகமும் தனிமையைப் போக்குகிறது.

ஆண்டு விழாவுக்காக நான் வீட்டில் கும்மி பழகிய மாலையில், பாட்டியின் கால் தானாகத் தாளமிட்டது. கைப்பிடித்து எழுப்பினேன். சுவரைப் பற்றியபடி நான்கு அடி வைத்தவர்கள், "அடி தப்புகிறாயே, பெண்ணே!" என்று என்னையே திருத்தினார்கள்!

நடனம் மருந்துக்கு மாற்றன்று. மருத்துவரைக் கேட்டு, பிடிமானத்துடன் மெல்லத் தொடங்குவதே முறை. ஆனால் அன்பின் பெயரால் முதியோரை நாற்காலியில் கட்டிப்போடுவது முறையாகுமா?

ஆண்டுதோறும் நம் விழாவில் தாத்தா பாட்டியருக்கு முன்வரிசை நாற்காலி தருகிறோம். அடுத்த ஆண்டு கும்மி வட்டத்திலும் ஓர் இடம் தருவோமா?

– பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி